சீட்டைத் தள்ளிப் போடாத அப்பாவும் இரண்டு கார்புரேட்டர்களும்

ஹாவுகிவாரா
ஆகஸ்ட் கடைசி ஞாயிறு, விடாத மழை

பெருமதிப்புக்குரிய அக்கா தைமி அவர்களுக்கு,

தங்கை ஹில்லா பணிவுடன் எழுதிக்கொள்வது. அப்பா, அம்மா, நான் மூவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நார்வேயில் நீயும், நீ பழுது பார்க்கும் மின்சாரப் பேருந்துகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறோம். உன் காரைப் பற்றி மட்டும் இந்த மாதிரி எழுத முடியவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒரு வேண்டுகோள். எந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டு, "முடிவு நல்லாயிருந்தாதான் மத்ததைப் படிப்பேன்" என்று சொல்லும் பழக்கம் உனக்கு உண்டு. எழுதியவர்களுக்கு அது எவ்வளவு வருத்தமாக இருக்கும் என்று நீ நினைத்ததே இல்லை. இந்தக் கடிதத்தையாவது தயவுசெய்து முதலிலிருந்து படி. நடந்ததை நடந்த வரிசையில் எழுதியிருக்கிறேன். இடையில் மிக முக்கியமான பத்தி ஒன்று வருகிறது. அதைத் தாண்டிவிடாதே.

ஏன் போனில் சொல்லவில்லை என்று கேட்பாய். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது அம்மா போனைச் சமையல் மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போடுகிறாள். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, "அங்க மழையா?" என்கிறார். நீ, "மழைதான்" என்கிறாய். "இங்கேயும் மழைதான்" என்கிறார். அவ்வளவுதான், போனை வைத்துவிடுகிறோம். இரண்டு நாட்டு மழையைத் தவிர இந்த ஒரு வருஷமாக நம் வீட்டில் வேறு எதுவும் பேசப்படவில்லை. சரி, எழுதிக் கேட்கலாம் என்றால், நான் அனுப்பும் நீளமான செய்திகளுக்கு நீ கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டுப் போய்விடுகிறாய். ஒரு கடிதத்துக்குக் கட்டைவிரலைக் காட்ட முடியாது பார்.

நீ கிளம்பிப் போன அன்று உன் காரை ஊசியிலை மரத்தடியில் நிறுத்திவிட்டுப் போனாய் அல்லவா, அது பனிக்காலம் முழுக்க அங்கேயே நின்றது. யாராவது அதைக் கொட்டகைக்குள் தள்ளலாமே என்று அம்மா சொன்னபோதெல்லாம் அப்பா, "அவ நிறுத்தின இடத்துல நிக்கட்டும்" என்றே சொன்னார். வசந்தத்தில் பனி உருகினதும் பேட்டரியை மாற்றி, சாவியைத் திருப்பினால், பெட்ரோல் பம்ப் மட்டும் வீறிட்டது, இஞ்சின் வாயே திறக்கவில்லை. கால் வைக்கும் இடத்தில் விரிப்பைத் தூக்கிப் பார்த்தோம். அங்கேதான் பெட்ரோலை அளந்து பீச்சும் இன்ஜெக்ஷனை ஆட்டி வைக்கும் அந்தக் கணினிப் பெட்டி இருக்கிறது. அதன் மேல் ஒரு எலிக் குடும்பம் குளிருக்கு அடக்கமாகக் கூடு கட்டி, ஒயர்களின் தோலை எல்லாம் தின்று, உன் பழைய கையுறை ஒன்றை மெத்தையாகப் போட்டுப் படுத்திருந்தது. நான் எலிகளுக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டேன். அப்பாவின் முகத்தைப் பார்த்தால் லாட்டரி விழுந்த மாதிரி இருந்தது. "பாத்தியா! பெட்ரோல் தானா உள்ள இறங்கணும். எவ்வளவு இறங்கணும்னு ஒரு பெட்டி உக்காந்து யோசிச்சா இப்படித்தான். கார்புரேட்டரை எலி தின்னு பாத்திருக்கியா?" என்றார்.

நீயும் அவரும் போட்ட சண்டையே இதுதானே, அக்கா. காரை இன்ஜெக்ஷனோடேயே பந்தயத்துக்குக் கொண்டுபோக வேண்டும், மடிக்கணினியைச் செருகிப் பார்க்கக் கற்றுக்கொள்கிறேன் என்று நீ சொன்னாய். பெட்ரோலைக் காற்றோடு தானாகக் கலக்கும் அந்தப் பழைய கார்புரேட்டர் இல்லாத கார் பந்தயக் காரே இல்லை என்று அவர் சொன்னார். அப்போது நீ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "திருகிப் பாக்க ஒரு ஸ்க்ரூ இல்லைன்னா உங்களுக்கு யார்கிட்டயும் பேசத் தெரியாதுப்பா." மறு வாரம் நார்வேக்கு, பெர்கனுக்குப் போய்விட்டாய். கார்புரேட்டர் காரணமாக ஒரு பெண் நாட்டை விட்டுப் போன கதையை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. நீ அங்கே பெட்ரோலே குடிக்காத பேருந்துகளைப் பார்த்துக்கொள்கிறாய் என்பதை அப்பா இன்னும் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால், "போக்குவரத்துத் துறை" என்கிறார்.

எலிகளை வெளியேற்றிய அன்று மாலையே அவர் காரைக் கொட்டகைக்குள் தள்ளி வேலையை ஆரம்பித்துவிட்டார். "யாருக்குப்பா இது?" என்று கேட்டேன். "காருக்கு" என்றார். மறுநாள் கார் கதவில் பந்தய எண்ணை எழுதி, அதற்குக் கீழே வெள்ளைப் பெயின்டில் தைமி என்று உன் பெயரை எழுதினார். எழுத்துகள் ஒன்றோடொன்று சண்டை போட்ட மாதிரி இருந்தன. "ஆகஸ்ட்ல நம்ம குவாரில பந்தயம். பெண்கள் பிரிவுல அவ பேரைக் குடுத்திருக்கேன். போன்ல பேசறப்ப சும்மா பேச்சுவாக்குல சொல்லி வை. நான் சொன்னேன்னு சொல்லாதே" என்றார். நானும் பேச்சுவாக்கில் சொன்னேன். அன்று வேலை இருக்கிறது என்று நீயும் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாய். அப்போது அப்பா ஜன்னல் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தார். அவர் காது மந்தம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவர் காதில் விழ வேண்டியதெல்லாம் விழுகிறது.

நீ வரமாட்டாய் என்று தெரிந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. பக்கத்துப் பண்ணை ஓலவி மாமா கொட்டகையில் ஒரு பழைய காரின் இரண்டு கார்புரேட்டர்கள் கிடந்தன. ஒன்றில் கோழி முட்டை இட்டிருந்தது. உறைபெட்டியில் இருந்த மான் கறியில் பெரிய துண்டைக் கொடுத்து அப்பா அவற்றை வாங்கி வந்தார். "யோவ் ராய்மோ, கறிக்கு இரும்பு குடுத்தேன், கோழிக்கு நான் என்னய்யா பதில் சொல்றது?" என்று ஓலவி மாமா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார். அவற்றைச் சுத்தம் செய்யக் கொதிக்க வைக்க வேண்டும் என்று அப்பா சொன்னார். வீட்டில் அவ்வளவு பெரிய பாத்திரம் ஒன்றுதான் உண்டு. அது எது என்று உனக்கே தெரியும். அம்மா பெர்ரி ஜாம் காய்ச்சும் பாத்திரம். அம்மா பள்ளிக்கூடச் சமையலறை வேலை முடிந்து வந்து, மூடியைத் திறந்து பார்த்து, கரண்டியால் ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு, "ஏங்க, இது எவ்வளவு நேரம் வேகணும்? உப்பு போட்டாச்சா?" என்று மட்டும் கேட்டாள். இந்த வருஷ ஜாம் ரொட்டியில் தடவினால் லேசாக ஒரு நெடுஞ்சாலை வாசம் வருகிறது. உனக்கு இரண்டு புட்டி எடுத்து வைத்திருக்கிறோம்.

நான் வாரா வாரம் வரும் நூலக வண்டியில் மோட்டார் பழுது பார்க்கும் கையேடு ஒன்றை எடுத்து வந்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். (முதல் பக்கத்திலிருந்து, அக்கா.) இன்ஜெக்ஷனுக்கு வைத்திருக்கும் பம்ப் பெட்ரோலை மிக வேகமாகத் தள்ளும், கார்புரேட்டரோ மெல்லக் குடிக்கிற ஜாதி, பம்பை மாற்றாமல் இணைத்தால் பொங்கி வழியும் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. வாசித்துக் காட்டினேன். "பம்புன்னா பம்புதான். நீ போய் வீட்டுப்பாடம் பண்ணு, புத்தகப் புழுவே" என்றார். சாவியைத் திருப்பினார். இரண்டு கார்புரேட்டர்களின் தொண்டையிலிருந்தும் பெட்ரோல், பூங்கா நடுவில் இருக்கும் நீரூற்று மாதிரி, அழகாக ஒரே உயரத்துக்கு எழும்பி அப்பாவின் தொப்பியில் விழுந்தது. நான் பேட்டரி ஒயரைப் பிடுங்கினேன். அம்மா தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, தீ எதுவும் இல்லை என்று நான் கத்துவதற்குள், அப்பா மேல் முழுவதையும் அடித்துத் தீர்த்துவிட்டாள். வெள்ளையாக நின்றுகொண்டு அவர், "அந்தப் புத்தகத்துல வேற என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார். அதிலிருந்து நாங்கள் நண்பர்களாகிவிட்டோம். பழைய டிராக்டரிலிருந்து சாதுவான பம்ப் ஒன்றைக் கழற்றிப் போட்டோம். எப்போது பொறி தட்ட வேண்டும் என்பதையும் அந்தக் கணினிப் பெட்டிதான் சொல்லிக்கொண்டிருந்ததாம். அதையும் தூக்கியதால் பழைய காலத்து டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்றைத் தேடி மாட்டினோம். கையேட்டை நான் திருப்பிக் கொடுத்தபோது நூலக வண்டிக்காரம்மா அதன் பக்கங்களை முகர்ந்து பார்த்துவிட்டு, "படிச்சியா, இல்ல பொரிச்சியா?" என்று கேட்டார்.

பிறகு இரண்டு கார்புரேட்டர்களையும் ஒத்துப்போக வைக்க வேண்டியிருந்தது. ஒன்று அதிகமாக மூச்சு இழுத்து இன்னொன்று குறைவாக இழுத்தால் இஞ்சின் நொண்டும். அதற்கு ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறு முனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாய்க்கும் கொண்டுபோக வேண்டும். இரண்டிலும் ஒரே 'ஸ்ஸ்ஸ்' கேட்க வேண்டும். வருஷக்கணக்காக மரம் அறுத்த இயந்திரம் அப்பா காதில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் அந்த மெல்லிய சத்தம் மட்டும் அவருக்குக் கேட்காது. நான் குழாயைக் காதில் வைத்துக்கொண்டு, "இடது பக்கம் அதிகம்" என்பேன். அவர் ஸ்க்ரூவை ஒரு மயிரிழை திருப்புவார். "இப்ப?" "வலது அதிகம்." "இப்ப?" சாயங்காலம் முழுக்க இப்படியே போனது. ஒரு கட்டத்தில் இரண்டும் ஒரே மூச்சாக விட்டன. நான் கையைத் தூக்கினேன். அவர் ஸ்க்ரூடிரைவரை எடுக்காமல் அப்படியே குனிந்து நின்று, "தைமியா இருந்தா இதுக்குக் குழாயே வேணாம். பானெட்டுல கையை வச்சே சொல்லிருவா" என்றார். எனக்கு அதில் வருத்தமில்லை. நான் சொல்ல வந்தது, ஒரு வருஷத்தில் அவர் வாயிலிருந்து உன் பெயர் வந்தது அன்றைக்குத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்று குழாயை மாட்ட ஆணி தேடியபோது கொட்டகை அலமாரியில், காபித்தூள் டப்பாவுக்குப் பின்னால் ஒரு மூட்டை இருந்தது. நம் சவுனா நீராவிக் குளியலில் உபயோகிக்கும் நல்ல துண்டு, உன்னுடைய நீலக்கோடு போட்ட துண்டு. அதற்குள் உன் காரின் கணினிப் பெட்டி, பெட்ரோல் பீச்சும் நான்கு குழல்கள், எலி கடித்த ஒயர்கள் எல்லாம் துடைத்து, எண்ணெய் போட்டு, சுற்றி வைத்திருந்தன. கடிபட்ட ஒவ்வோர் ஒயரிலும் புதுத் தோல் சுற்றியிருந்தது. வேண்டாத சாமானை யாராவது இப்படிச் சுற்றி வைப்பார்களா? நான் பார்த்ததாக அவரிடம் சொல்லவில்லை.

இனி பந்தயம். இந்த வகைப் பந்தயத்தின் சட்டம் உனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் நார்வேயில் ஒரு வருஷம் இருந்துவிட்டதால் நினைவூட்டுகிறேன். ஓடின கார் எதுவானாலும் அன்று அங்கே ஓடின வேறு எந்த ஓட்டுநரும் அதை வாங்கக் கேட்கலாம். எல்லாக் காருக்கும் ஒரே விலை. கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும், மாட்டேன் என்றால் பந்தய உரிமமே போய்விடும். பணக்காரன் காசைக் கொட்டி ஜெயித்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த சட்டம். பல பேர் கேட்டால் பெயர்களை ஒரு ஹெல்மெட்டில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். அதனால்தான் நம் ஊரில் எல்லோரும் நல்ல காரை அசிங்கமாக வைத்திருக்கிறார்கள். அப்பாவும் அதைச் செய்தார். மிச்சமிருந்த கொட்டகைச் சிவப்புப் பெயின்டை விளக்குமாற்றால் பூசினார். பம்பரைக் கயிற்றால் கட்டினார். நன்றாக இருந்த ஒரு கதவைச் சுத்தியலால் தட்டி நசுக்கிவிட்டு, தள்ளி நின்று பார்த்து, இன்னொரு தட்டுத் தட்டினார். உன் பெயர் இருந்த கதவை மட்டும் தொடவில்லை. "நானே பொதுப் பிரிவுல ஓட்டறேன். கடைசியா வருவேன். எவனும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான்" என்றார்.

எல்லாம் சரியாகத்தான் போயிருக்கும், அந்த சீட் மட்டும் இல்லையென்றால். உன் கால் அளவுக்கு முன்னால் இழுத்து முடுக்கியிருக்கிற சீட்டில் அப்பா உட்கார்ந்தால், முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வருகின்றன. ஹெல்மெட் போட்டதும் அவரைப் பார்க்க டப்பாவில் அடைத்த மத்தி மீன் மாதிரி இருந்தது. அம்மா, "சீட்டைக் கொஞ்சம் பின்னால தள்ளிப் போட்டாத்தான் என்ன?" என்றாள். "போல்ட்டு துருப்பிடிச்சு இறுகிருச்சு, வராது" என்றார். அக்கா, அந்த போல்ட்டுகள் பளபளவென்று இருந்தன. போன மாதம்தான் அவர் புதிதாக வாங்கி மாட்டினார். நான்தான் ஸ்பேனரைப் பிடித்தேன். மாட்டும்போது, முன்பு இருந்த அதே துளைகளில்தான் மாட்டினார்.

முதல் ஓட்டத்தில் திட்டமிட்டபடி கடைசியாக வந்தார். அவ்வளவு மெதுவாக வந்தார் என்றால், கொடி காட்டுகிறவர் கொடியைச் சுருட்டி வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார். இரண்டாவது ஓட்டத்தில், முதல் வளைவிலேயே, குவாரிப் பள்ளத்தில் கார் குதித்தபோது, அவர் வலது முழங்கால் ஸ்டியரிங்குக்கும் கதவுக்கும் நடுவில் செருகிக்கொண்டது. கால் ஆக்சிலேட்டரில் முழுசாக அழுந்திவிட்டது. எடுக்க முடியவில்லை. சுவிட்சை அணைக்கக் கையை நீட்டினால் அந்த முழங்கால்தான் குறுக்கே நின்றதாம். ஸ்டியரிங்கைத் திருப்ப மட்டும் முடிந்ததாம். அந்தக் கார் போன வேகத்தை நான் எப்படி எழுதுவது! இரண்டு கார்புரேட்டர்களும் ஒரே தொண்டையாகப் பாடின. ஒவ்வொரு காராகத் தாண்டித் தாண்டி, சிவப்பு மண்ணை வாரி இறைத்துக்கொண்டு, பம்பர் கயிற்றில் ஆட, அவர் முன்னால் வந்தார். இதற்கு நடுவில் ஒலிபெருக்கிக்காரரிடம் கார் எண்ணுக்கு நேரே உன் பெயர் போட்ட பழைய பட்டியல்தான் இருந்திருக்கிறது. அப்பா உன் இடத்தில் ஓட்டுகிறார் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. "தைமி வருகிறார்! தைமி இரண்டாவது இடத்தில்! ஐயோ, என்ன ஓட்டு ஓட்டுகிறாள் இந்தப் பெண்! தைமி முன்னால் வந்துவிட்டாள்! தைமி! தைமி!" என்று குவாரி முழுக்க எதிரொலிக்கக் கத்தினார். பந்தய நாளில் மட்டும் குவாரியில் போடும் தன் சாசேஜ் கடையில் இருந்த அம்மா இடுக்கியைக் கீழே போட்டுவிட்டு வேலி ஓரத்துக்கு ஓடிவந்து, ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, உண்மையிலேயே உன்னைத் தேடினாள். நானும்தான் தேடினேன். ஓட்டுகிறவர் அப்பா என்று எனக்குத் தெரியும், இருந்தும் தேடினேன்.

முதலாவதாக வந்து, கோட்டைத் தாண்டி, நிறுத்த முடியாமல் மணல் குவியலில் ஏறி நின்றார். முழங்காலை விடுவிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. "யோவ், அறுபது வயசுல இந்தப் போக்கு போறியே, யாரை விரட்டிட்டுப் போன?" என்று ஓலவி மாமா கேட்டார். அப்பா ஹெல்மெட்டைக் கழற்றினார். காரைச் சுற்றி ஒரு கூட்டம் பானெட்டைத் தடவிக்கொண்டு நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா செய்ததை நீ பார்த்திருக்க வேண்டும். ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஒவ்வொரு ஓட்டுநராகப் போய், "நீயும் பேரைக் குடு. உனக்கு விழுந்தா எங்களுக்கே திருப்பிக் குடுத்துடணும். குடுக்கலைன்னா ஆயுசுக்கும் என் கடையில சாசேஜ் கிடையாது" என்று சொல்லி, நம் ஊர்க்காரர்களை எல்லாம் பெயர் கொடுக்க வைத்தாள். ஹெல்மெட் நிறைந்துவிட்டது. முக்கால்வாசி நம் ஆட்கள். அப்பா முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. அப்போது பந்தயச் சங்கத் தலைவர் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "யாராவது நேர்மையான ஆள் எடுக்கட்டும். அதோ, புத்தகம் படிக்கிற பொண்ணு இருக்கே!" என்றார். என்னை முன்னால் தள்ளினார்கள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். திறந்து பார்த்திருக்கலாம், அன்று தானும் ஓடிப் பெயர் கொடுத்திருந்த ஓலவி மாமாவின் கோணல் கையெழுத்தை எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நான் பார்க்கவில்லை. எடுத்த சீட்டில், மஞ்சள் அங்கி போட்டுப் பெண்கள் பிரிவில் ஓடிய மெர்வி என்ற வெளியூர்க்காரியின் பெயர் இருந்தது. என் கையால் எடுத்தேன், அக்கா.

மெர்வி வந்து காருக்குள் உட்கார்ந்தாள். "சீட்டு அளவா இருக்கே!" என்று சிரித்தாள். குட்டைக் கால்காரி. சாவியைத் திருப்பினாள். கர், கர், கர். மறுபடியும் திருப்பினாள். பெட்ரோல் நாற்றம்தான் வந்தது. "அண்ணே, இதை எப்படிக் கிளப்பறது?" என்று அப்பாவைக் கேட்டாள். அப்பா கைகளைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, "காரைக் குடுக்கணும்னு சட்டத்துல இருக்கு. குடுத்துட்டேன். கிளப்பறதைப் பத்தி சட்டத்துல ஒண்ணும் இல்லை" என்றார். அவள் நான்கு பேரை வைத்து டிரெய்லரில் தள்ளி ஏற்றினாள். அப்பா ஒரு கை கொடுக்கவில்லை. ஆனால் அவள் பெல்ட்டைக் கட்டிய விதத்தைப் பார்த்ததும் பொறுக்க முடியாமல் போய், எல்லாவற்றையும் அவிழ்த்து, உன் பெயர் இருந்த கதவில் உரசாதபடி இறுக்கமாகக் கட்டிவிட்டுத் திரும்பி வந்தார்.

இப்போது கொட்டகையில் கார் இருந்த இடத்தில் ஒரு எண்ணெய்க் கறைதான் இருக்கிறது. அப்பா சாப்பிட்டுவிட்டு அங்கே போய் முக்காலியில் உட்கார்கிறார். நேற்று நான் காபி எடுத்துப் போனபோது, ரப்பர் குழாயைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுமுனை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. "என்னப்பா கேக்குது?" என்றேன். "ஒண்ணுமில்லை. காத்து" என்றார். கொஞ்சம் கழித்து, "பெர்கன்ல இன்னிக்கு மழையா இருக்குமோ?" என்று கேட்டார்.

அதனால் நான் ஒரு திட்டம் போட்டிருக்கிறேன். பருவத்தின் கடைசிப் பந்தயம் செப்டம்பரில் இதே குவாரியில் நடக்கிறது. மெர்வி உன் காரைக் கொண்டுவருவாள். நீ லீவு எடுத்துக்கொண்டு வா. ஓலவி மாமா தன் இன்னொரு பழைய காரை உனக்கு ஓட்டத் தருகிறேன் என்று சொல்லிவிட்டார், கோழிகளை இறக்கியாகிவிட்டது. நீ ஓடினால் உன் பெயரையும் ஹெல்மெட்டில் போடலாம். அப்பாவையே கேட்கச் சொன்னேன். "வித்தது வித்ததுதான்" என்கிறார். நீதான் வர வேண்டும்.

குலுக்கலில் உனக்கு விழுந்தால் நீயே கிளப்பி ஓட்டிக் காட்ட வேண்டும் அல்லவா, எனவே அந்த முக்கியமான பத்தி இதோ. இடது கார்புரேட்டரின் மூடி மேல் சுத்தியலின் மரக்கைப்பிடியால் மெல்ல ஒரு தட்டுத் தட்டு, உள்ளே இருக்கும் ஊசி அடிக்கடி ஒட்டிக்கொள்கிறது. சோக்கை முழுசாக இழு. ஆக்சிலேட்டரை இரண்டு முறை மிதி, மூன்றாவது முறை மிதித்தால் பிளக் நனைந்துவிடும். சாவியைத் திருப்பு. முதலில் ஓர் இருமல் வரும், அதற்கு ஏமாந்து மிதித்துவிடாதே, காலை எடுத்துவிட்டுக் காத்திரு. இரண்டாவது இருமல் வந்ததும் சோக்கைப் பாதி உள்ளே தள்ளிக்கொண்டே லேசாக மிதி. பிடித்துக்கொள்ளும். இது உலகத்திலேயே அப்பாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இப்போது உனக்கும்.

அம்மா உனக்கு முத்தங்கள் அனுப்புகிறாள். கம்பளிக் காலுறை ஒரு ஜோடி தனியே வருகிறது. அப்பா எதுவும் சொல்லச் சொல்லவில்லை. எனவே அவர் சார்பில் நானே மழையை விசாரிக்கிறேன். நீ நூறு வருஷம் நன்றாக இருந்து, அதில் கொஞ்சத்தை இங்கேயும் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு,

உன் கீழ்ப்படிதலுள்ள தங்கை,
ஹில்லா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது போன் அடித்தது. மெர்வி! "உங்க வீட்டுல யாராச்சும் எனக்கு உண்மையைச் சொல்லுங்க. அது கிளம்பவே மாட்டேங்குது. உன் அக்கா வேற தினமும் போன் பண்ணி என் உயிரை எடுக்கறா" என்றாள். என் அக்காவா என்றேன். தொழிற்பள்ளியில் நீயும் அவளும் ஒரே பெஞ்சாம். வேலை இருக்கிறது என்று என்னிடம் சொல்லிவிட்டு, காரை வேறு யாரும் கொண்டுபோய்விடக் கூடாது என்று நீதான் அவளை அனுப்பி வைத்தாயாம். கார் உன்னுடையதுதானாம், லாரியில் ஏற்றி பெர்கனுக்கு அனுப்பப் போகிறாளாம், கிளப்பும் வழி மட்டும்தான் தெரிய வேண்டுமாம்!

நான் கொட்டகைக்கு ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். "யாரு வாங்கினது?" என்றார். சொன்னேன். "யாரு?" என்று மறுபடியும் கேட்டார். காது நன்றாகக் கேட்கிறது என்று உனக்கு ஏற்கெனவே எழுதிவிட்டேன். மூன்று முறை சொல்ல வைத்தார். பிறகு எழுந்து, காபி டப்பாவுக்குப் பின்னாலிருந்து அந்த நீலக்கோட்டு மூட்டையை எடுத்து, பிரித்து, கணினிப் பெட்டியை ஒருமுறை துடைத்து, மறுபடியும் சுற்றினார். "லாரில எல்லாம் போகாது. அதைக் கிளப்பறது போன்ல சொல்ற விஷயம் இல்லை. எழுதற விஷயமும் இல்லை. பக்கத்துல நின்னு காட்டணும். வேணும்னா அவ வந்து கத்துக்கட்டும். வந்தா, இந்தப் பெட்டியை மாட்டணும்னு சொன்னாலும் நான் தடுக்கலைன்னு சொல்லு" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "நீ எதுவும் எழுதிடலையே?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே, அக்கா, முதலிலிருந்து படி என்று நான் கேட்டுக்கொண்டதை வாபஸ் வாங்குகிறேன். நீ வழக்கம்போல இந்தப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பாய் என்று நம்புகிறேன். தயவுசெய்து அந்த முக்கியமான பத்தியைத் தாண்டிவிடு. ஒருவேளை படித்திருந்தால், ஒன்று சொல்கிறேன்: அதில் ஒரு விஷயத்தைத் தப்பாக எழுதியிருக்கிறேன். எது என்று சொல்ல மாட்டேன்.